சேணத்தில் ஏற்றிவிட்டவர்கள், வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

குதிரையில் போன மாப்பிள்ளையைக் கீழே இழுத்துப் போட்டார்கள் என்ற செய்தி வடமாநிலங்களிலிருந்து ஆண்டு தவறாமல் வருகிறது. ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் என்று ஊர்ப்பெயர் மாறுகிறது, சேதி மாறுவதில்லை. 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் 21 வயது தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். அவர் சொந்தமாகக் குதிரை வாங்கி அதில் ஏறிப் போய்வந்ததுதான் ஆதிக்க சாதியினரின் கண்ணை உறுத்தியது என்று அவருடைய குடும்பம் புகார் கொடுத்தது. அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் ஒரு மணமகன், தன் கல்யாண ஊர்வலம் ஊர்த்தெரு வழியாகப் போக வேண்டும் என்பதற்காக உயர்நீதிமன்றம் வரை போனார். கடைசியில் ஜூலை மாதம், பெரும் போலீஸ் காவலோடு அந்த ஊர்வலம் நடந்தது.

தமிழ்நாட்டில் இருக்கிற நமக்கு ஒரு கேள்வி எழலாம். நம் பக்கம் மாப்பிள்ளை குதிரையில் போகிற வழக்கம் அதிகம் இல்லையே, இதில் நமக்கு என்ன? ஆனால் ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த கதை நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடைக்கும். அங்கே குதிரை, இங்கே சைக்கிள். "நீ என்னைவிட உயரத்தில் உட்கார்ந்து என் தெருவில் போகக்கூடாது" என்பதுதான் இரண்டு இடத்திலும் போட்ட சட்டம்.

இந்தக் கட்டுரையில் நாம் பேசப்போவது குதிரையேறத் தெரிந்தவர்களைப் பற்றி. ஏறத் தெரிந்தவர்கள் மட்டுமல்ல, ஏறக் கற்றுக்கொடுத்தவர்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய ராணுவக் கல்லூரியில், பிற்காலத்தில் தளபதிகளான வெள்ளை இளைஞர்களுக்குக் குதிரையேற்றம் கற்பித்த கறுப்பு வீரர்கள். அவர்களுடைய வரலாறு நமக்கு ஆறுதல் சொல்கிறது. அதைவிட முக்கியமாக, ஒரு எச்சரிக்கையும் சொல்கிறது.

குதிரை யாருக்குச் சொந்தம்?

மோட்டார் வண்டி வருவதற்கு முன்பு குதிரை என்பது வேகம், போர், தூரம். குதிரை வைத்திருப்பவன் ஒரே நாளில் பக்கத்து ஊருக்குப் போய்ச் சேதி சொல்லித் திரும்பிவிடுவான். தப்பிக்க வேண்டுமானால் தப்பிப்பான். சண்டை வந்தால் நடந்து வருகிறவனைவிட அவன் கை ஓங்கும். அதனால்தான் ஒடுக்குகிறவர்கள் எந்த நாட்டிலும் குதிரை விஷயத்தில் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள்.

நம் நாட்டில் மனுவின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு உரிய சொத்து நாயும் கழுதையும் என்று எழுதி வைத்தது. எந்த விலங்கு யாருக்கு என்பதையும் சாஸ்திரம் விட்டுவைக்கவில்லை.

அமெரிக்காவில் தென் கரோலினா 1740 இல் அடிமைகளை அடக்கிவைக்க ஒரு சட்டம் போட்டது. அடிமைகள் சொந்தமாகக் குதிரை, மாடு, ஆடு, பன்றி வளர்க்கக்கூடாது என்பது அதில் ஒரு பிரிவு. அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்து எழுந்திருந்தார்கள்.

அயர்லாந்தில் 1695 இல் ஆங்கிலேய ஆட்சி கொண்டுவந்த சட்டப்படி, கத்தோலிக்கர் ஒருவர் 5 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரையை வைத்திருக்க முடியாது. எவ்வளவு உயர்ந்த குதிரையாக இருந்தாலும், ஒரு புராட்டஸ்டண்ட் 5 பவுண்டை நீட்டினால் விட்டுக்கொடுத்துவிட வேண்டும். ஆர்ட் ஓ லியரி என்ற அயர்லாந்துக்காரர் அப்படிக் கொடுக்க மறுத்தார் என்றும், அந்தப் பகை முற்றி 1773 இல் சுட்டுக் கொல்லப்பட்டார் என்றும் அந்நாட்டு மக்கள் இன்றும் சொல்கிறார்கள். கார்க் மாவட்டத்துக்கும் பாவ்நகர் மாவட்டத்துக்கும் நடுவே கடலும் 245 ஆண்டுகளும் இருக்கின்றன. சாவின் காரணத்தில் அதிக வித்தியாசம் தெரியவில்லை.

லாயத்தில் வளர்ந்த திறமை

குதிரையைச் சொந்தமாக வைத்துக்கொள்ளத்தான் தடை. குதிரைக்கு வேலை செய்வதற்குத் தடை இல்லை. சொல்லப்போனால் அந்த வேலை முழுக்க அவர்கள் தலையில்தான் விழுந்தது. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் லாயத்தைக் கூட்டியது, குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டியது, லாடம் அடித்தது, முரட்டுக் குட்டியைப் பழக்கியது, பந்தயத்தில் ஏறி ஓட்டியது எல்லாம் அடிமைகள். பந்தயத்தில் ஜெயித்த பரிசு முதலாளிக்கு.

நமக்கு இது புதிய கதை அல்ல. வெள்ளைக்காரர் காலத்துச் சென்னை மாகாணத்தில் துரைமார் வீட்டு லாயங்களில் குதிரைக்காரராகவும், குதிரைக்குப் புல் அறுத்துப் போடுகிறவராகவும் இருந்தவர்களில் பறையர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். துரை ஏறும்போது கடிவாளத்தைப் பிடித்து நின்ற கை நம்முடையது. துரையின் குதிரை பின்னால் ஓடிய காலும் நம்முடையது.

அந்த லாயத்து உழைப்பிலிருந்து ஒரு பெரும் திறமை வளர்ந்தது. 1875 மே 17 அன்று கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் முதல் கென்டக்கி டெர்பி பந்தயம் நடந்தது. ஓடிய குதிரைகள் 15. அவற்றை ஓட்டியவர்களில் 13 பேர் கறுப்பினத்தவர். ஜெயித்த குதிரை அரிஸ்டைடிஸ். ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ் என்ற கறுப்பு இளைஞர். அந்தக் குதிரையைப் பழக்கியவர் ஆன்செல் வில்லியம்சன். அவர் அடிமையாகப் பிறந்தவர். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து அப்போது பத்தே ஆண்டுகள் ஆகியிருந்தன.

1875 முதல் 1902 வரை நடந்த 28 டெர்பிகளில் 15 ஐ கறுப்பு ஜாக்கிகள் ஜெயித்தார்கள். ஐசக் மர்ஃபி மூன்று முறை ஜெயித்தார். ஜிம்மி விங்க்ஃபீல்ட் 1901, 1902 என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜெயித்தார்.

மிசௌரி மாநிலத்தில் 1859 இல் அடிமைத் தாய்க்குப் பிறந்த டாம் பாஸ், நாடே அறிந்த குதிரைப் பயிற்சியாளர் ஆனார். அடித்துப் பழக்குவதை அவர் ஏற்கவில்லை. குதிரையின் வாய் புண்ணாகாமல் இருக்க ஒரு கடிவாள இரும்பை அவரே வடிவமைத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

கல்வியும் குதிரையும் ஒன்றாக வந்தபோது

உள்நாட்டுப் போர் முடிந்ததும், 1866 இல் அமெரிக்க நாடாளுமன்றம் கறுப்பு வீரர்களுக்கென்று நிரந்தரப் படைப்பிரிவுகளை உருவாக்கியது. அவற்றில் இரண்டு குதிரைப் படைகள்: ஒன்பதாவது, பத்தாவது. சேர்ந்தவர்களில் பலர் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அடிமைகளாக இருந்தவர்கள். மாதச் சம்பளம் 13 டாலர். மேலே இருந்த அதிகாரிகள் வெள்ளையர்கள்.

அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. ஒவ்வொரு கறுப்புப் படைப்பிரிவுக்கும் ஒரு பாதிரியாரை நியமிக்க வேண்டும், வீரர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதும் அவர் வேலை என்று சட்டமே சொன்னது. அடிமைக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதைப் பல தென் மாநிலங்கள் குற்றமாக வைத்திருந்த நாடு அது. அங்கே அதே மனிதர்களின் கையில் இப்போது ஒரு பக்கம் கடிவாளம், இன்னொரு பக்கம் சிலேட்டு.

அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பாலை இங்கே நினைத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், ராணுவப் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தவர். ஊர்ப் பள்ளிக்கூடம் மறுத்த எழுத்தை மகர் குடும்பங்களில் சிலவற்றுக்கு ராணுவம்தான் கொடுத்தது. பிறகு 1890களில் அந்தக் கதவும் சாத்தப்பட்டது. 'போர்க்குடிகள்' என்ற புதுக் கணக்கைச் சொல்லி மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினார்கள்.

இந்தக் கறுப்புக் குதிரைப் படைகள் மேற்கு மாநிலங்களில் என்ன செய்தன என்பதையும் நாம் மறைக்கக்கூடாது. பூர்வகுடி மக்களின் நிலத்தைப் பறித்த அரசின் கையாக அவை வேலை செய்தன. அப்பாச்சே தலைவர் விக்டோரியோவுக்கு எதிராக 1879-80 இல் நடந்த போரில் ஒன்பதாவது, பத்தாவது இரண்டு படைகளும் நின்றன. ஒடுக்கப்பட்டவன் கையில் ஆயுதத்தைக் கொடுத்து இன்னொரு ஒடுக்கப்பட்டவனைச் சுடச் சொல்வது அதிகாரத்தின் பழைய வேலை. 'எருமை வீரர்கள்' என்ற பட்டப்பெயரைப் பூர்வகுடிகளே அவர்களுக்கு வைத்தார்கள் என்பார்கள். அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்லும்போது, அதற்குப் பின்னால் இருக்கிற இழப்பையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

வெஸ்ட் பாயின்ட், 1907

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது வெஸ்ட் பாயின்ட். அமெரிக்க ராணுவத்தின் அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரி. அன்று அங்கே படித்த மாணவர் ஒவ்வொருவரும் குதிரையேற்றம் கற்றாக வேண்டியிருந்தது. 1907 இல் அந்தப் பொறுப்பு ஒன்பதாவது குதிரைப் படையிலிருந்து வந்த கறுப்பு வீரர்களிடம் கொடுக்கப்பட்டது. சுமார் நூறு பேர். பல ஆண்டுகள் குதிரை மேலேயே வாழ்ந்தவர்கள். கறுப்புப் படைகளில் வேலையை விட்டு ஓடிப்போகிறவர்கள் வெள்ளைப் படைகளைவிடக் குறைவு, அனுபவம் உள்ளவர்கள் அதிகம்.

குதிரையேற்றம் கற்பிப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் பார்க்கலாம். குதிரைப்படையில் புதிதாக வருகிறவனுக்கு முதலில் அங்கவடி தரமாட்டார்கள். கால் வைக்க எதுவும் இல்லாமல், உடம்பின் சமநிலையால் மட்டுமே உட்காரப் பழக வேண்டும். தொடை பிடிக்க வேண்டும், இடுப்பு தளர வேண்டும், கை அமைதியாக இருக்க வேண்டும். கையில் பயம் இருந்தால் கடிவாளத்தின் வழியாகக் குதிரைக்குத் தெரிந்துவிடும். நடை, ஓட்டம், பாய்ச்சல், தடை தாண்டல், ஓடுகிற குதிரையில் தாவி ஏறுவது, இறங்குவது என்று படிப்படியாக வரும். விழாமல் யாரும் கற்றதில்லை. விழுந்தவனை மறுபடி ஏற்றி உட்கார வைக்கத் தெரிந்தவர்தான் ஆசிரியர். சவாரி முடிந்த பிறகும் வேலை முடியாது. குதிரையின் வியர்வை அடங்க நடத்தி, தேய்த்து, குளம்பைத் தூக்கிப் பார்த்து, தண்ணீர் காட்டிய பிறகுதான் மனிதன் சாப்பிடப் போகலாம்.

இத்தனையும் தெரிந்த அந்த ஆசிரியர்களின் நிலைமை என்ன? தங்குவதற்குத் தனிக் குடியிருப்பு. மற்ற வீரர்களோடு கலந்து இருக்க வழியில்லை. பிரிவுக்குத் தலைமை தாங்கியவர்கள் வெள்ளை அதிகாரிகள். பயிற்சிக் களத்தில் மாணவன் அவர்களுடைய சொல்லைக் கேட்டு முதுகை நிமிர்த்துவான். களத்தை விட்டு வெளியே வந்தால் அவர்கள் அவனுக்கு சல்யூட் அடிக்க வேண்டிய காலம் சீக்கிரமே வந்துவிடும்.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். வெஸ்ட் பாயின்ட்டில் 1889 இல் சார்லஸ் யங் என்ற கறுப்பு மாணவர் பட்டம் பெற்றார். அவருக்கு அடுத்த கறுப்பு மாணவர் பட்டம் பெற்றது 1936 இல். நடுவே 47 ஆண்டுகள். கறுப்பு வீரர்கள் குதிரையேற்றம் கற்பிக்க வந்த 1907 க்குப் பிறகு 29 ஆண்டுகள், அவர்களுடைய பிள்ளைகளில் ஒருவர்கூட அந்தக் கல்லூரியின் பட்டத்தோடு வெளியே வரவில்லை. பாடம் நடத்தலாம், படிக்க முடியாது. 1936 இல் பட்டம் பெற்ற பெஞ்சமின் டேவிஸுக்கும் என்ன நடந்தது? நான்கு ஆண்டுகள் சக மாணவர்கள் அவரோடு பேசவில்லை. தனி அறை, தனியே சாப்பாடு. நம் விடுதிகளில் தட்டு தனி, தம்ளர் தனி என்று பார்த்தவர்களுக்கு அந்த நான்கு ஆண்டுகளை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பணி 1940களின் பிற்பகுதியில் குதிரைப் பயிற்சி நிறுத்தப்படும் வரை நடந்தது. கறுப்பு வீரர்கள் பயிற்சி நடத்திய மைதானத்துக்குப் பின்னாளில் அவர்களுடைய பெயர் வைக்கப்பட்டது. அங்கே குதிரைமேல் இருக்கும் கறுப்பு வீரரின் வெண்கலச் சிலை 2021 இல்தான் வந்தது.

ஓகாயோவிலிருந்து வாஷிங்டனுக்கு

அந்த 1889 ஆம் ஆண்டு மாணவர் சார்லஸ் யங்கின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1864 இல் கென்டக்கியில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை தப்பிப் போய்ப் போரின் கடைசிக் காலத்தில் படையில் சேர்ந்தவர். யங் ஒன்பதாவது, பத்தாவது இரண்டு குதிரைப் படைகளிலும் அதிகாரியாக இருந்தார். 1894 முதல் ஓகாயோவின் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் கறுப்பு மாணவர்களுக்கு ராணுவப் பாடம் கற்பித்தார். 1916 இல் மெக்சிகோ படையெடுப்பில் தன் வீரர்களோடு குதிரைமேல் பாய்ந்து போரிட்டார்.

1917 இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அப்போது யங் ராணுவத்திலேயே மிக உயர்ந்த பதவியில் இருந்த கறுப்பு அதிகாரி. போர் நடந்தால் ஜெனரல் ஆகிவிடுவார், வெள்ளை அதிகாரிகள் அவருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டி வரும். ஒரு கறுப்பரின் கீழ் வேலை பார்க்க மாட்டேன் என்று மிசிசிப்பியைச் சேர்ந்த ஒரு வெள்ளை அதிகாரி முறையிட, அது செனட்டர் வழியாக ஜனாதிபதி வில்சன் வரை போனது. மருத்துவப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் அதிகம் என்றார்கள். கர்னல் பதவி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

யங்குக்கு அப்போது 54 வயது. 1918 ஜூன் மாதம் குதிரையில் சேணம் பூட்டிக் கிளம்பினார். ஓகாயோவின் வில்பர்ஃபோர்ஸிலிருந்து தலைநகர் வாஷிங்டன் வரை 497 மைல், அதாவது சுமார் 800 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரியைவிட அதிக தூரம். ஒவ்வொரு மணி நேரத்திலும் 15 நிமிடம் இறங்கிக் குதிரையோடு நடந்தார். 16 நாளில் போய்ச் சேர்ந்தார். உடம்பு சரியில்லை என்றீர்களே, இதோ வந்திருக்கிறேன் என்று போர்த்துறைச் செயலாளர் முன்னால் நின்றார்.

அவர் கேட்டது உடனே கிடைக்கவில்லை. அவரை மறுபடி பணிக்கு எடுத்த தேதி 1918 நவம்பர் 6. போர் முடிந்தது நவம்பர் 11. ஐந்து நாள் இடைவெளியில் அவரைப் போர்முனைக்கு அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை. 1922 இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில், பணியில் இருக்கும்போது இறந்தார். அவருக்கு பிரிகேடியர் ஜெனரல் பட்டத்தை வெஸ்ட் பாயின்ட்டில் விழா நடத்திக் கொடுத்தது 2022 இல். இறந்து நூறு ஆண்டுகள் கழித்து.

திறமை இருந்தால் சாதி போய்விடுமா?

இப்போது எச்சரிக்கைக்கு வருவோம். "நன்றாகப் படி, திறமையை வளர்த்துக்கொள், அப்புறம் சாதியை யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று நமக்குச் சொல்லாதவர்கள் உண்டா? நல்ல எண்ணத்தோடு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மேலே பார்த்த வரலாறு அதற்கு என்ன பதில் சொல்கிறது?

கறுப்பு ஜாக்கிகளைவிடத் திறமைசாலிகள் அன்றைய அமெரிக்காவில் இல்லை. பந்தயத்தில் பணமும் புகழும் பெருகியதும், வெள்ளை ஜாக்கிகள் கூட்டுச் சேர்ந்து ஓட்டத்தின் நடுவே அவர்களை வேலியோரம் நெருக்கினார்கள், சாட்டையால் அடித்தார்கள். உரிமையாளர்கள் கறுப்பு ஜாக்கிகளுக்குக் குதிரை கொடுப்பதை நிறுத்தினார்கள். 1921 க்குப் பிறகு 2000 ஆம் ஆண்டு வரை கென்டக்கி டெர்பியில் ஒரு கறுப்பு ஜாக்கிகூட ஓட்டவில்லை. இரண்டு முறை ஜெயித்த விங்க்ஃபீல்ட் ரஷ்யாவுக்குப் போய் அங்கே பெரும் ஜாக்கி ஆனார், பிறகு பிரான்சில் பயிற்சியாளர் ஆனார். 1961 இல் விருந்தினராக லூயிவில் நகருக்குத் திரும்பியபோது, விருந்து நடந்த ஓட்டலின் முன்வாசலில் அவரை நிறுத்தினார்கள். வயது எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது இருக்கும். அந்த நகரத்தின் பந்தயத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் அவர்.

வெஸ்ட் பாயின்ட்டை எடுத்துக்கொள்வோம். டுவைட் ஐசனோவர் அங்கே 1911 முதல் 1915 வரை படித்தார். அந்த ஆண்டுகளில் குதிரைப் பயிற்சிக் களத்தில் இருந்தவர்கள் இந்தக் கறுப்பு வீரர்கள்தான். அதே ஐசனோவர் 1948 இல் செனட் குழுவின் முன்னால் போய், ராணுவத்தில் கறுப்பரையும் வெள்ளையரையும் முழுமையாகக் கலப்பதற்கு எதிராகப் பேசினார். சிறு பிரிவு அளவிலாவது தனித்தனியாக வைக்க வேண்டும் என்றார். கறுப்பு ஆசிரியரிடம் பாடம் கற்றவன் கறுப்பரைச் சமமாக நடத்துவான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நம் தாத்தா கையால் வீடு கட்டிக்கொண்டவர்கள் அந்த வீட்டுக்குள் தாத்தாவை விட்டார்களா?

ராணுவத்தில் பிரிவினையை ஒழிக்கும் ஆணையை ஜனாதிபதி ட்ரூமன் 1948 ஜூலை 26 அன்று பிறப்பித்தார். தளபதிகள் மனம் மாறியதால் அது வரவில்லை. ஃபிலிப் ராண்டால்ஃப் போன்ற கறுப்புத் தலைவர்கள், பிரிவினை இருக்கும் ராணுவத்தில் கட்டாய சேவைக்குப் போக வேண்டாம் என்று இளைஞர்களை அழைத்தார்கள். தேர்தல் நெருங்கியது. கறுப்பு வாக்குகள் தேவைப்பட்டன. கதவைத் திறந்தது போராட்டம்.

அப்படியானால் திறமை வீணா? இல்லை. சார்லஸ் யங்கால் 497 மைல் ஓட்ட முடிந்ததால்தான், 'உடம்பு சரியில்லை' என்ற பொய் நாடறிய அம்பலமானது. தேர்ந்த ஆசிரியர்கள் வெஸ்ட் பாயின்ட்டில் நாற்பது ஆண்டுகள் நின்றதால்தான், 'இவர்களுக்கு வராது' என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் போனது. திறமை நம் வாதத்துக்குச் சாட்சி. ஆனால் சாட்சி மட்டும் தீர்ப்பு எழுதாது. தீர்ப்பு எழுதுகிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. குதிரை ஓட்டத் தெரிந்தவர் ஆயிரம் பேர் இருக்கலாம். லைசென்ஸ் கொடுப்பது யார், குதிரையைக் கொடுப்பது யார், கல்லூரியில் சேர்ப்பது யார், பதவி உயர்வுக் கோப்பில் கையெழுத்துப் போடுவது யார்?

நமக்கும் அவர்களுக்கும் பழைய உறவு

இந்த உறவை நாம் இன்று கண்டுபிடிக்கவில்லை. ஒன்பதாவது குதிரைப் படை டெக்சாஸ் எல்லையில் இருந்த 1873 இல், புனேயில் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1913 முதல் 1916 வரை அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அதே ஹட்சன் ஆற்றின் கரையில், 80 கிலோமீட்டர் மேலே, கறுப்பு வீரர்கள் வெள்ளை மாணவர்களைக் குதிரையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 1946 இல் அம்பேத்கர், கறுப்பினத்தவரின் பெரும் அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பினத்தவர் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதம் அது. அந்த டு பாய்ஸ், வில்பர்ஃபோர்ஸில் ஆசிரியராக இருந்த நாளிலிருந்து சார்லஸ் யங்கின் நெருங்கிய நண்பர்.

நம் கையில் இருப்பது

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 இல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3(1) பிரிவில், (இசட்ஏ) என்ற உட்பிரிவைத் தோழர்கள் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம். செருப்போ புது உடையோ அணிவதைத் தடுப்பது குற்றம். கல்யாண ஊர்வலம் போவதையும், ஊர்வலத்தில் குதிரை ஏறுவதையும் தடுப்பது குற்றம். குதிரை என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது. எத்தனை பேர் இழுத்துக் கீழே தள்ளப்பட்டிருந்தால் அந்தச் சொல்லைச் சட்டத்தில் எழுத வேண்டி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பகுதிக் காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண அடிதடி வழக்காகச் சுருக்கிவிடுவது அங்கே பழகிப்போன வேலை.

ஆனால் கல்யாண நாளில் ஒரு மணி நேரம் குதிரையில் உட்காரும் உரிமையோடு நாம் நின்றுவிடக்கூடாது. போலீஸ் காவலோடு ஏறி, ஊர்வலம் முடிந்ததும் இறங்கி, மறுநாள் பழையபடி என்றால் அது பாதி விடுதலைகூட இல்லை. குதிரையேற்றம், நீச்சல், துப்பாக்கி சுடுதல், டென்னிஸ் எதுவாக இருந்தாலும், அதைக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் நம் பிள்ளைகள் இருக்கிறார்களா? தேர்வுக் குழுவில் இருக்கிறார்களா? பயிற்சிக் கட்டணம் யார் வீட்டு வருமானத்தை மனதில் வைத்துப் போடப்படுகிறது? மைதானத்தைப் பெருக்குகிறவர் யார், அங்கே விளையாடுகிறவர் யார்? உங்கள் கல்லூரியிலேயே இந்தக் கணக்கை எடுத்துப் பாருங்கள். விளையாட்டுத் துறையில் பயிற்சியாளர் எத்தனை பேர், அவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று எழுதி வையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது.

ஹட்சன் ஆற்றங்கரையில் நின்ற அந்த நூறு பேருக்குக் குதிரையேற்றம் முழுதாகத் தெரிந்திருந்தது, சொல்லிக்கொடுக்கவும் தெரிந்திருந்தது. கல்லூரியின் சேர்க்கைப் பதிவேடு மட்டும் அவர்கள் கையில் இல்லை. அதனால் பிறருடைய பிள்ளைகளை ஏற்றிவிட்டார்கள், தங்கள் பிள்ளைகளை ஏற்ற முடியவில்லை. நாம் குதிரையேறவும் கற்போம், கற்றுக்கொடுக்கவும் கற்போம். அதோடு அந்தப் பதிவேடு யார் கையில் இருக்கிறது என்று கேட்பதையும் விடமாட்டோம்.

ஜெய் பீம்.